கடலோரமாய் எட்டு நாள் நடை



பள்ளிக்கூடத்தில் இந்தியாவின் படம் வரையும்போது கடற்கரையை ஒரே கோட்டில் முடித்துவிடுகிறோம். கோட்டுக்கு இப்பால் நிலம், அப்பால் கடல். தேர்வுக்கு அது போதும். ஆனால் அந்தக் கோட்டின்மேல் நடந்து போகப் புறப்பட்டவருக்கு முதல் நாளே ஓர் உண்மை புலப்படும். அந்தக் கோடு ஓரிடத்தில் நிற்பதே இல்லை. நாள்தோறும் ஓதத்தால் ஏறி இறங்குகிறது. பருவந்தோறும் ஓரிடத்தில் மணலை இழந்து மற்றோரிடத்தில் பெறுகிறது. நூற்றாண்டுக் கணக்கில் பார்த்தால் பழைய ஊரை விழுங்குகிறது. புதிய நிலத்தை ஈனுகிறது. கடலோரமாகப் பல நாள் நடந்து இயற்கையைக் கற்க விரும்பும் மாணவர் எவ்வாறு திட்டமிட வேண்டும் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். கரை நகர்கின்றது என்ற இந்த ஓர் உண்மையின்மேல்தான் அத்திட்டம் முழுவதும் நிற்க வேண்டும் என்பது என் கருத்து.

பொதுவாகச் சொன்னால் மனத்தில் பதியாது. ஆகவே, மாணவர்களோடு நான் நடந்து பழகிய வழி ஒன்றையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். தரங்கம்பாடியில் தொடங்கி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் ஆகிய ஊர்களின் வழியாகக் கோடியக்கரையில் முடியும் வழி அது. காவிரி தன் கிளைகளால் ஆக்கிய நிலத்தின் கிழக்கு விளிம்பு என்று அதைச் சொல்லலாம். சாலைக் கணக்கில் 90 கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும்.

இந்த வழியை நான் விரும்புவதற்குக் காரணம் அதன் இரண்டு முனைகளே. தரங்கம்பாடியில், 1306-ஆம் ஆண்டில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோயிற்று. பிற்காலத்தில் கருங்கற்களைக் கொட்டி எஞ்சியதைக் காத்தார்கள். வேதாரண்யத்தை நெருங்கும்போதோ காட்சி மாறுகிறது. கரையிலிருந்து உள்நாட்டை நோக்கிப் பழைய மணல்மேடுகள் வரிசை வரிசையாகக் கிடக்கின்றன. அவை ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் கடற்கரையாய் இருந்தவை. சில ஆயிரம் ஆண்டுகளாக நிலம் அங்கே கடலுக்குள் முன்னேறி வந்திருக்கிறது. ஆகவே நாம் கடல் நிலத்தை உண்ட இடத்தில் புறப்பட்டு, நிலம் கடலை வென்ற இடத்தில் நடையை முடிக்கிறோம். எட்டு நாளில் கற்கத் தக்க பாடம் இதைவிடப் பெரிது வேறென்ன வேண்டும்?

முதலில் பருவத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இக்கரையின் வரலாற்றில் மூன்று தேதிகளைப் பாருங்கள். 1952 நவம்பர் 30. 1977 நவம்பர் 12. 2018 நவம்பர் 16. மூன்றும் நாகப்பட்டினம் பகுதியைப் பெரும்புயல் தாக்கிய நாள்கள். மூன்றும் நவம்பர் மாதத்தனவாய் இருப்பது தற்செயல் அன்று. வடகிழக்குப் பருவக்காற்றின் காலத்தில் வங்கக் கடலில் புயல் பிறப்பது இயல்பு. எனவே அக்டோபர் முதல் டிசம்பர் முடிய இக்கரையில் நடைப்பயணம் கூடாது. ஏப்ரல் முதல் வெயில் பொறுக்க இயலாதது. தை மாதத்தின் பிற்பகுதியும் மாசி மாதமுமே உகந்தவை. வெப்பம் மிதமாக இருக்கும். வடநாடுகளிலிருந்து வந்த பறவைகள் இன்னும் திரும்பியிரா. பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலமும் அதுவே. ஆயினும் தை அமாவாசையைத் தவிர்த்துவிடுங்கள். அன்று வேதாரண்யத்திலும் கோடியக்கரையிலும் நீராட வருவோர் கூட்டம் மிகுதி. தங்க இடம் கிடைப்பது அரிது.

அடுத்தது தூரக் கணக்கு. 1930-ஆம் ஆண்டில் இராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாக்கிரகத் தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து ஏப்ரல் 13-ஆம் நாள் புறப்பட்டு 28-ஆம் நாள் வேதாரண்யம் சேர்ந்தார்கள். ஏறத்தாழ 240 கிலோமீட்டர் வழி. நாள் ஒன்றுக்குச் சராசரி 16 கிலோமீட்டர் ஆகிறது. எங்கே தங்குவது, எத்தனை பேர் செல்வது என்பவற்றை முன்கூட்டியே வரையறுத்துக்கொண்டு சென்ற பயணம் அது. அவர்கள் நடந்தது சாலையில். நாம் நடப்பதோ மணலில். கையில் குறிப்பேடும் இருக்கிறது. ஆதலின் நாளொன்றுக்கு 12 கிலோமீட்டரே நமக்கு அளவு. ஓரிரு நாளில் 14 ஆகலாம். அதற்கு மேல் வேண்டாம்.

அந்த அளவில் பகுத்தால் வழி இவ்வாறு அமையும். முதல் நாள் தரங்கம்பாடியிலிருந்து காரைக்கால். இரண்டாம் நாள் நாகூர். மூன்றாம் நாள் நாகப்பட்டினம். அன்று நடை குறைவு, ஆகவே துறைமுகத்தையும் மீன் இறங்குதளத்தையும் பார்த்துப் படிக்கலாம். நான்காம் நாள் வேளாங்கண்ணி. ஐந்தாம் நாள் வேட்டைக்காரனிருப்பு, ஆறாம் நாள் புஷ்பவனம், ஏழாம் நாள் வேதாரண்யம், எட்டாம் நாள் கோடியக்கரை. இவற்றோடு ஒன்பதாவதாக ஒரு நாளை வெறுமையாக விட்டு வையுங்கள். மழையோ, காய்ச்சலோ, ஆற்றைச் சுற்றிச் செல்லும் தாமதமோ நேர்ந்தால் அந்த நாள் கைகொடுக்கும். வெறும் நாள் இல்லாத திட்டம், இடர் வந்தபோது மாணவரை அவசரப்படுத்தும். கடலோரத்தில் அவசரம் உயிருக்கு ஆபத்து.

இனி, இவ்வழியின் முதன்மையான இடையூறு எது? கடல் அன்று; ஆறுகளே. காரைக்காலில் அரசலாறு, நாகூருக்கு அருகில் வெட்டாறு, நாகப்பட்டினத்தில் கடுவையாறு, வேளாங்கண்ணிக்குத் தெற்கே வெள்ளையாறு என்று ஒன்றன்பின் ஒன்றாக நம் வழியை அறுத்துச் செல்கின்றன. கோடை நெருங்க நெருங்க ஆற்றில் நீர் குறையும். அலைகள் முகத்துவாரத்தில் மணலைக் கொண்டுவந்து திட்டாகக் குவிக்கும். அப்போது முழங்கால் அளவு நீரில் கடந்துவிடலாம் என்று கண்ணுக்குத் தோன்றும். ஓதம் இறங்கும் நேரத்திலோ, உள்ளே தேங்கிய நீர் முழுவதும் அந்தக் குறுகிய வாய் வழியாகவே கடலுக்குப் பாய்கிறது. காலின் கீழுள்ள மணலை நீர் அரித்துக்கொண்டே இருக்கும்.

ஒரு முறை முகத்துவாரம் ஒன்றின் அருகே மாணவர்களை நிறுத்திவிட்டு, வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் வழி கேட்டேன். அவர் விடை சொல்லவில்லை. தம் படகிலிருந்து நீண்ட கழி ஒன்றை எடுத்துவந்து, ஆழமில்லை என்று நாங்கள் கண்ட இடத்திலேயே ஊன்றிக் காட்டினார். கழி தோள்வரை இறங்கிற்று. “காலையில் பார்த்த மணல் மாலையில் இருக்காது ஐயா, பாலத்துக்கே போய்விடுங்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதில் இறங்காதீர்கள்” என்றார். அன்று நாங்கள் பாலத்தைச் சுற்றிச் சென்றோம். அதற்குப் பின் என் திட்டங்களில் ஒரு விதி நிலையாக இடம் பெற்றுவிட்டது. எந்த முகத்துவாரத்தையும் நடந்து கடப்பதில்லை. பாலம் உள்ள இடத்தை முன்பே படத்தில் குறித்துக்கொண்டு, சுற்றும் தூரத்தையும் நாள் கணக்கில் சேர்த்துவிடுவது. கடலில் குளிப்பதும் நம் திட்டத்தில் இல்லை.

இனி நடைக்கு வருவோம். உலர்ந்த மணலில் கால் புதைகிறது. அலை நனைத்துச் சென்ற மணலில் புதைவதில்லை. ஏன்? மணற்பரல்களுக்கு இடையே உள்ள சிறிதளவு நீர் அவற்றை ஒன்றோடொன்று பிடித்து வைக்கிறது. நீர் முற்றும் இல்லாவிட்டால் அந்தப் பிடிப்பு இல்லை. நீர் நிறைந்துவிட்டாலோ பரல்கள் மிதந்து நழுவுகின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட ஈரப்பட்டையே நமக்குச் சாலை. ஓதம் இறங்கும்போது அது அகலும், ஏறும்போது குறுகும். இக்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். என்றாலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் அது மிகும். நாளுக்கு இருமுறை ஏறும் நீர், மறுநாள் ஏறத்தாழ 50 நிமிடம் தாமதித்து ஏறும். இந்திய நில அளவைத் துறை வெளியிடும் ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் இறங்கும் வேளையில் நடை அமையுமாறு ஒவ்வொரு நாளையும் வகுத்துக்கொள்ளலாம்.

தெற்கு நோக்கிச் செல்லும் நமக்குக் கடல் எப்போதும் இடப்பக்கம். ஈரமணல் கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் இடக்கால் தாழ்ந்தும் வலக்கால் உயர்ந்தும் ஊன்றும். இரண்டு நாளில் இடுப்பும் கணுக்காலும் வலிக்கத் தொடங்கும். மணிக்கொருமுறை மேட்டு மணலிலோ ஊர்ப்பாதையிலோ சிறிது தூரம் நடந்தால் இதைத் தவிர்க்கலாம். காலை 6 மணிக்குப் புறப்பட்டு 10 மணிக்குள் நடையின் பெரும்பகுதியை முடித்துவிட வேண்டும். நடுப்பகல் நிழலுக்கு உரியது. படிப்புக்கும் எழுத்துக்கும் ஏற்றது. எஞ்சிய நடை மாலை 4 மணிக்குமேல்.

குடிநீரைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். கடலின் விளிம்பிலேயே மணலைத் தோண்டி நன்னீர் எடுக்கும் ஊற்றுகளை இவ்வழியில் நீங்கள் காண்பீர்கள். உப்புக்கடலின் அருகே இனிய நீர் எப்படி வந்தது? மழைநீர் மணலில் இறங்கி, உப்புநீரைவிட எடை குறைந்ததாகையால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. அறிவியலார் கணக்குப்படி, நிலத்தடி நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். மேலே ஒரு மீட்டர் குறைந்தால் கீழே 40 மீட்டர் உப்புநீர் ஏறிவிடும் என்பதும் இதன் மறுபக்கம். அளவுக்கு மீறி இறைத்த கிணறு உப்பாவது இதனால்தான். இந்த நீர் அவ்வூர் மக்களின் செல்வம். கேட்டு வாங்குங்கள், காய்ச்சிக் குடியுங்கள். நடக்கும்போது ஆளுக்கு 3 லிட்டர் நீர் தோளில் இருக்கட்டும்.

தோள்பை, நீரையும் சேர்த்து 7 கிலோவுக்கு மிகலாகாது. ஒரு மாற்றுடை, போர்வை, துண்டு, அகன்ற தொப்பி, கைவிளக்கு, காயத்துக்கு மருந்து, குறிப்பேடு, பென்சில் ஆகியவை போதும். உணவுக்கு அவல், வெல்லம், பொட்டுக்கடலை, வறுத்த நிலக்கடலை, எலுமிச்சை, உப்பு. மற்ற உணவு ஊர்களில் கிடைக்கும். குழுவில் 12 மாணவர், 2 ஆசிரியர் என்பது நல்ல அளவு. இரவில் கடற்கரை மணலில் படுக்க வேண்டா. பள்ளிக்கூடம், சத்திரம், யாத்திரிகர் விடுதி ஆகியவற்றில் முன்பே கடிதம் எழுதி இடம் பெற்றுக்கொள்ளுங்கள். பாக் நீரிணையை ஒட்டிய கரையாதலால், பயண விவரத்தை அந்தந்தக் காவல் நிலையத்துக்கும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கும் எழுத்தில் தெரிவிப்பது கடமை. கோடியக்கரைச் சரணாலயத்தினுள் செல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும்.

நாள்தோறும் காலையில் மீனவர்க்கான வானிலை அறிவிப்பைக் கேட்ட பின்பே புறப்பட வேண்டும். மீனவர் கடலுக்குப் போகாத நாளில் நாமும் கரையில் நடப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னுமொன்று. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இம்மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. நீங்கள் தங்கும் ஊர்களில் அன்று பிள்ளையை இழந்த தாயும், பெற்றோரை இழந்து வளர்ந்தவரும் இருப்பார்கள். அதைப் பற்றி நீங்களாகக் கேட்க வேண்டா. அவர்கள் சொன்னால் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். நிலம் பலமாக அதிர்ந்தாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ, பையையும் பொருளையும் விட்டுவிட்டு உடனே உள்நாட்டை நோக்கி ஓட வேண்டும். இந்த ஒன்றைக் குழுவில் உள்ள ஒவ்வொருவரும் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும்.

இனி, கற்கும் முறையைப் பார்ப்போம். தரங்கம்பாடிக்கு 1768-ஆம் ஆண்டில் கோனிக் என்ற மருத்துவர் வந்தார். தாவரங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவர் அவர். அவரும், அவருக்குப் பின் 1776-இல் வந்த ராட்லர் பாதிரியாரும் இப்பகுதியின் செடிகளைத் திரட்டிப் பதிவு செய்தார்கள். உலர்ந்த செடி ஒன்றுக்கு மதிப்பு எப்போது வருகிறது? எங்கே, எப்போது எடுத்தது என்ற குறிப்பு அதனுடன் இருக்கும்போதுதான். நகரும் கரையைப் படிப்போர்க்கு இது இன்னும் பொருந்தும். எனவே குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் முதலில் நாள், நேரம், இடம், ஓதத்தின் நிலை, காற்றின் திசை ஆகிய ஐந்தையும் எழுதிய பின்பே கண்டதை எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் ஊகித்து எழுத வேண்டா. படம் வரைந்து அளவைக் குறியுங்கள். பெயரைப் பின்னர்த் தேடிக்கொள்ளலாம். அந்த நாளை மீட்க இயலாது.

மாணவர்கள் நான்கு குழுவாகப் பிரியட்டும். முதற்குழு மணலையும் அலையையும் பார்க்கும். அலை உடையும் இடத்தில் தேங்காய் மட்டை ஒன்றை எறிந்து, 5 நிமிடத்தில் அது வடக்கே சென்றதா, தெற்கே சென்றதா, எத்தனை அடி சென்றது என்று அளக்கலாம். கரையோரமாக மணல் பயணம் செய்யும் திசை அதனால் விளங்கும். ஆண்டு முழுதும் கணக்கிட்டால் நம் கிழக்குக் கரையில் மணல் வடக்கு நோக்கியே மிகுதியாகச் செல்கிறது. சென்னைத் துறைமுகச் சுவர் அதைத் தடுத்ததால் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டது. ஒரு காந்தத்தைக் கொண்டு சென்றால் கரையில் படிந்த கருமணலையும் சோதிக்கலாம்.

இரண்டாம் குழு செடிகளைப் பார்க்கட்டும். அலைக்கு அருகில் அடப்பங்கொடியும் இராவணன் மீசையும் மணலைப் பிடித்து நிறுத்தும். அவற்றின் பின்னே தாழை. அதன் பின்னே பனையும் சவுக்கும். உப்பங்கழியின் ஓரத்தில் உமரியும் அலையாத்தியும். தில்லை மரத்தை மட்டும் தொட வேண்டா. அதன் பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு. மூன்றாம் குழு கரைவாழ் உயிர்களை எண்ணும். நூறு எட்டு நடந்து, அந்த அளவுக்குள் உள்ள நண்டு வளைகளைக் காலையும் மாலையும் கணக்கிட்டால் எட்டு நாளில் நல்ல அட்டவணை கிடைக்கும். ஒதுங்கிய வலைத்துண்டுகளையும் நெகிழிக் குப்பையையும் அதே அளவில் எண்ணுங்கள். சொறிமீனையும், வலையில் சிக்கிக் கரையில் எறியப்பட்ட கடற்பாம்பையும் தொடக்கூடாது; கடற்பாம்பு நஞ்சுடையது.

பங்குனி ஆமை ஒரு முறைக்கு ஏறத்தாழ நூறு முட்டை இடும். மணலின் வெப்பம் மிகுந்தால் பெண் குஞ்சுகளும், குறைந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகப் பிறக்கின்றன. அதன் சுவட்டைக் கண்டால் விளக்கை அணைத்து விலகி நின்று, வனத்துறைக்குச் செய்தி அனுப்புங்கள். சென்னையில் 1988-இல் மாணவர்களே ஓர் அமைப்பைத் தொடங்கி, ஆமை முட்டைகளைக் காக்க இரவு இரவாகக் கடற்கரையில் நடந்து வருகிறார்கள் என்பது உங்களுக்கு ஊக்கம் தரும். பவளம், கடற்குதிரை, சில வகைச் சங்குகள் ஆகியவற்றை எடுப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆகவே எதையும் எடுத்துவராமல் எல்லாவற்றையும் எழுதிவருவதே நம் வழக்கம்.

நான்காம் குழு பறவைகளுக்கு உரியது. அதன் பெரும்பணி கோடியக்கரையில்தான். அதுவரை தெற்கே வந்த கரை அங்கே செங்கோணமாக மேற்கே திரும்புகிறது. 1967-இல் சரணாலயம் ஆக்கப்பட்ட அவ்விடம், 2002-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. வெளிமான் மேயும் புல்வெளியும், பாலை மரங்கள் செறிந்த காடும், பூநாரைகள் நிற்கும் உப்பளக் கழிகளும் அங்கே அடுத்தடுத்து உள்ளன. கையளவே உள்ள சிறிய உள்ளானைத் தேடிப் பாருங்கள். அதன் எடை 30 கிராமுக்கும் குறைவு. வடதுருவத்தை ஒட்டிய நிலத்திலிருந்து, பாதையில் படமும் துணையும் இன்றி அது இக்கரைக்கு வந்திருக்கிறது. ஈரச்சேறும் அதிலுள்ள புழுவும் சென்ற ஆண்டு இருந்த இடத்தில் இந்த ஆண்டும் இருக்கும் என்ற நம்பிக்கையே அதன் பயணத் திட்டம்.

அந்த நம்பிக்கை பொய்க்காமல் இருக்கிறதா என்பதை யார் சொல்வது? ஆண்டுதோறும் வந்து எண்ணிக் குறித்தவர்கள்தாம் சொல்ல முடியும். 2018-இல் கஜா புயல் இக்காட்டின் மரங்களை வீழ்த்தியபோது, எவை வீழ்ந்தன, எவை மீண்டன என்று அறிய முன்னைய குறிப்புகளே துணை நின்றன. உங்கள் எட்டு நாள் குறிப்பேட்டையும் கல்லூரி நூலகத்தில் வைத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு வரும் மாணவர்கள் அதே வழியில், அதே நூறு எட்டுகளை மீண்டும் நடந்து எண்ணட்டும். பத்து ஆண்டுகளில் அந்த ஏடுகள், நகர்ந்துகொண்டே இருக்கும் இந்தக் கரையின் வரலாறாகிவிடும். தைப் பிறப்பதற்குள் படத்தை விரித்து, முதலில் பாலங்களைக் குறித்து, உங்கள் திட்டத்தைத் தொடங்குங்கள்.